சருகைக் கூட்டாதீர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் இதே பக்கத்தில், என் தோட்டத்துக் குட்டையோரம் கானாங்கோழி குஞ்சு பொரித்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் இருந்தே வந்திருக்கின்றன. தொண்டியில் ஆரம்பித்து வாலிநோக்கம் வரைக்கும். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் கிராம சுகாதாரச் செவிலியராக 31 வருடம் இந்த ஊர்களில் நடந்தவள். இப்போது சேதுக்கரை போகும் சாலையோரம் 30 சென்ட் மணல் தோட்டத்தில் இருக்கிறேன். வேம்பு, பூவரசு, ஒரு கொடுக்காப்புளி, வேலியோரம் தாழை, நடுவில் எட்டடிக்கு ஐந்தடியில் ஒரு சின்னக் குட்டை. தினமும் காலையில் அதன் கரையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

தங்கச்சிமடம் வாசகர் ஒருவர்: சென்ற ஐப்பசியில் ஒரு விடிகாலை, எங்கள் திண்ணையோரம் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் அளவுக்குக் குட்டை. பறக்கவே இல்லை. அட்டைப்பெட்டியில் வைத்துச் சோறும் பாலும் கொடுத்தோம். மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது. என் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது என்ன பறவை? நாங்கள் செய்தது தப்பா?

அது ஆறுமணிக்குருவி. விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் இரண்டு சுரமாக விசில் அடிக்கும். அதனால் வந்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். வடக்கே இதை நவரங் என்கிறார்கள், ஒன்பது நிறம் என்று. மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே இறங்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, சித்திரை வாக்கில் திரும்பிப் போகும். இவ்வளவு தூரத்தையும் இரவில்தான் பறக்கிறது. காற்றும் மழையும் எதிர்த்து வந்தாலோ, விளக்கு வெளிச்சத்தில் தடுமாறினாலோ, கண்ணாடி சன்னலில் மோதினாலோ, கடற்கரை வீடுகளின் வாசலில் இப்படி விழுந்து கிடக்கும்.

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தக் குருவி ஏற்கெனவே உள்காயம் பட்டிருக்கலாம். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் பூனை தூக்கியிருக்கும். பெட்டியில் வைத்தது நல்ல காரியம். சோறும் பாலும்தான் வேண்டாம். அது புழு பூச்சி தின்கிற பறவை. எந்தப் பறவைக்கும் பால் செரிக்காது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இது மனிதர்களுக்கே நடக்கும். மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த முறை இப்படி வந்தால், நாலு பக்கமும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் ஒரு பழைய பருத்தித் துணி, மூடி, இருட்டு, சத்தமில்லாத அறை. அவ்வளவுதான். அடிக்கடி திறந்து பார்க்கக்கூடாது, பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது. களைப்பு மட்டும்தான் என்றால் சில மணி நேரத்தில் உள்ளே கால் பிறாண்டும் சத்தம் கேட்கும். செடி அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

என் தோட்டத்துக்கு நாலு வருடமாக ஒரு ஆறுமணிக்குருவி வருகிறது. ஒரே குருவிதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன், வருகிற இடம் மட்டும் ஒன்றுதான்: கொடுக்காப்புளிக்கு அடியில், நான் கூட்டாமல் விட்டு வைத்த சருகுமெத்தை. முதல் தடவை பார்த்தபோது, சருகு தானாகத் துள்ளுகிறது என்றுதான் நினைத்தேன். ஓணானோ என்று உற்றுப் பார்த்தால், அலகால் ஒரு இலையைக் கவ்விப் பக்கத்தில் எறிகிறது. அடுத்த இலை, அதற்கடுத்த இலை. நடுவில் நிமிர்ந்து ஒரு கணம் காது கொடுப்பது போல் நிற்கும். பிறகு மண்ணில் ஒரே குத்து. வெளியே வந்தது ஒரு வண்டுப்புழு. அதை இரண்டு தரம் தரையில் அடித்து விழுங்கியது. அப்போது வால் மேலும் கீழும் ஆட, அந்தச் சிவப்பு தெரிந்து தெரிந்து மறைந்தது. காப்பி ஆறிப்போய்க் கையிலேயே இருந்தது.

வாசலைக் கூட்டுங்கள், கோலம் போடுங்கள். மரத்தடிச் சருகை மட்டும் கூட்டிக் கொளுத்தாதீர்கள். நடுக்காட்டில் இருந்து வருகிற விருந்தாளிக்கு அதுதான் இலைச்சாப்பாடு.

கீழக்கரை வாசகி: மொட்டைமாடியில் குருவிகளுக்கு எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைக்கிறேன். ஒரு மாதம் ஆகியும் காக்கை தவிர ஒன்றும் வரவில்லை. 'டெங்கு வந்துடும், எடுத்துக் கொட்டு' என்கிறார்கள் உம்மா. என்ன செய்யட்டும்?

உம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையில் இருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் தினமும் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுசு வையுங்கள். ஊற்றினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் உட்பக்கத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும். அந்த முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேய்க்கிறவர்கள் வீட்டில் பறவைத் தண்ணீரால் டெங்கு வராது. உம்மாவிடம் ஒரு நர்ஸ் சொன்னதாகச் சொல்லுங்கள். அப்படியே மாடி மூலையில் கிடக்கும் பழைய டயர், உடைந்த பக்கெட், பூந்தொட்டியின் அடித்தட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விடுங்கள். நான் வீடு வீடாகப் போன காலத்தில் கொசுப்புழு பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

சரி, குருவி ஏன் வரவில்லை? எவர்சில்வர் வெயிலில் கொதிக்கும், வழுக்கும். அகலமான மண்சட்டி வாங்குங்கள், இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம், நடுவில் ஒரு கல். மொட்டைமாடியின் நடுவில் வைத்தால் வல்லூறுக்குப் பயந்து சின்னக் குருவிகள் இறங்காது. முற்றத்து முருங்கைக்கோ பூவரசுக்கோ ஆறேழு அடி தள்ளி, ஒரு முக்காலி மேல் வையுங்கள். ரொம்பக் கிட்டே வைத்தால் பூனை பதுங்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: நீங்கள் வைப்பது போர் தண்ணீரா? கீழக்கரைப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது எனக்குத் தெரியும். கடற்காகத்துக்குக் கண்ணுக்கு மேலே உப்பைப் பிரித்தெடுக்கும் சுரப்பி இருக்கிறது, அந்த உப்புநீர் மூக்கு வழியாகச் சொட்டிவிடும். கொண்டைக்குருவிக்கும் தேன்சிட்டுக்கும் அது கிடையாது. ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிப் போய்விடும். குடம் இத்தனை ரூபாய் என்று வாங்குகிற ஊரில் நல்ல தண்ணீரைப் பறவைக்கு வைப்பதா என்று தயங்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு செம்பு போதும். சட்டியை மாற்றி வைத்தால், முதலில் கொண்டைக்குருவி வரும். அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம். அவை ஒன்று வந்தால் ஏழெட்டாக வரும், சட்டியில் இடம் பிடிக்கச் சண்டை போடும். பங்குனி, சித்திரை வெயிலில் உங்கள் உம்மாவே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பெரியபட்டினம் தென்னந்தோப்புக்காரர் ஒருவர்: உங்களைப் போலக் குட்டை வெட்ட ஆசை. எங்களுடையது மணல் தரை, தண்ணீர் நிற்காது. ஆழமாக வெட்டினால் உப்பு. எப்படிச் செய்தீர்கள்?

எனக்கும் இரண்டு வருடம் ஆனது. முதலில் தார்ப்பாய் விரித்தேன், எலி கடித்துவிட்டது. பிறகு அடியில் செங்கல் பாவிச் சிமெண்டு பூசினோம். புதுச் சிமெண்டின் காரம் போக ஒரு மாதம் தண்ணீர் விட்டு விட்டு இறைத்தோம். ஆழம் ஒரு முனையில் இரண்டடி, மறுமுனையில் ஒரு சாண். இந்தச் சரிவுதான் முக்கியம். முதலில் நாலு பக்கமும் செங்குத்தாகக் கட்டியிருந்தேன். ஒரு நாள் காலையில் அணில்குஞ்சு ஒன்று ஏற வழியில்லாமல் மிதந்தது. அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு பக்கச் சுவரை இடித்துச் சரிவாக்கிக் கல் பதித்தேன். தண்ணீர்த் தொட்டி, சிமெண்டுக் கிணறு வைத்திருக்கும் எல்லோருமே ஒரு மரக்கிளையையாவது சாய்த்துப் போட்டு வையுங்கள்.

தண்ணீர் விஷயம். நம் கரையில் மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் உப்புத்தண்ணீருக்கு மேலே பாலில் ஆடை மாதிரி நிற்கிறது. தனுஷ்கோடியில் கையாலேயே மணலைத் தோண்டி ஊற்று எடுத்துச் சிரட்டையில் மொள்ளுகிறார்கள், சுற்றிலும் கடல் இருந்தும் தண்ணீர் இனிக்கிறது. ஆழ்துளை போட்டு மோட்டாரால் உறிஞ்சினால் அந்த ஆடை கிழிந்து உப்பு மேலே ஏறும். முதல் வருடம் போர் தண்ணீரைத்தான் குட்டையில் நிரப்பினேன். பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. தவளை எல்லாம் போய்விட்டது. இப்போது எட்டடியில் ஒரு உறைக்கிணறு. அதில் இருந்து தினம் ஆறு வாளி, அதற்கு மேல் இறைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கூரைத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் குட்டைக்கே போய்விடும்.

செடி எது வைக்க என்றும் கேட்டிருந்தீர்கள். பக்கத்து ஊருணியில் இருந்து ஒரு அல்லிக் கிழங்கு, கொஞ்சம் கோரை. ஆகாயத்தாமரையை மட்டும் கையால் தொடாதீர்கள். ஒரு செடி விட்டால் மூன்றே மாதத்தில் தண்ணீரே தெரியாது.

உச்சிப்புளி, எட்டாம் வகுப்பு மாணவர்: எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சுவரில் சோப்பு நுரை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறது. அப்பா பூஞ்சை என்று கழுவச் சொல்கிறார். அது என்ன?

கழுவாதே தம்பி! அது மரத்தவளையின் கூடு. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, வெளிர் பழுப்பாக, விரல் நுனியில் வட்டத் தட்டு வைத்திருக்குமே, அதுதான். நம் பக்கம் தேரை என்போம். தேங்காய்க்குள் பருப்பு இல்லாவிட்டால் 'தேரை மோந்துவிட்டது' என்று அதன் மேல் பழி போடுவார்கள், பாவம். அதற்கும் தேங்காய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெண் தவளை முட்டையோடு ஒரு திரவத்தைச் சுரந்து, ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்பது போல் பின்னங்காலால் அடிக்கும். அது பொங்கி நுரையாகும். வெளிப்பக்கம் காய்ந்து பொருக்குத் தட்டிப்போகும், உள்ளே ஈரமாகவே இருக்கும். எறும்பும் மீனும் வெயிலும் எட்டாத தொட்டில் அது. நாலைந்து நாளில் அடிப்பக்கம் இளகிவிடும். நீ ஒரு டார்ச்சும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் போய் உட்கார். நான் ஒரு தடவை முழுசாகப் பார்த்திருக்கிறேன்: நுரை ஒரு இடத்தில் கண்ணாடி மாதிரி ஆனது, உள்ளே கறுப்பாகப் புள்ளிகள் நெளிந்தன, பிறகு ஒரு சொட்டு நீண்டு நீண்டு அறுந்தது. அந்தச் சொட்டுக்குள் மூன்று தலைப்பிரட்டைகள். தண்ணீரில் விழுந்து ஒரு நொடி அசையாமல் கிடந்துவிட்டு ஓடிவிட்டன.

அது நீங்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டி என்றால், அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நுரைக்குக் கீழே ஒரு பழைய வாளியில் தண்ணீர் வைத்துப் பிடித்துக்கொள். பிறகு கொல்லையில் நிழலான தொட்டிக்கு மாற்றலாம். முதல் தலைப்பிரட்டை எந்த நாள், எத்தனை மணிக்கு விழுந்தது என்று எனக்கு எழுது.

திருப்புல்லாணி வாசகி: தோட்டத்துக் குட்டையில் பாம்பு குடியிருக்கிறது. வீட்டுக்காரர் குட்டையையே மூடிவிடலாம் என்கிறார். பேரப்பிள்ளைகள் விளையாடும் இடம்.

மூடுவதற்கு முன்னால் அது எந்தப் பாம்பு என்று பாருங்கள். தள்ளி நின்றே பார்க்கலாம். உடம்பு முழுக்கச் சதுரங்கக் கட்டம் போலக் கறுப்புப் புள்ளிகள், கண்ணில் இருந்து கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள், தண்ணீரில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும் என்றால் அது தண்ணீர்ப்பாம்பு. விஷம் கிடையாது. ஆனால் கோபக்காரப் பாம்பு. மடக்கினால் கழுத்தைத் தட்டையாக்கி நல்லபாம்பு மாதிரி நிமிரும், கடிக்கவும் செய்யும். தவளையும் மீனும் இருக்கும் வரை இருக்கும். என் குட்டையில் வருடத்தில் மூன்று மாதம் ஒன்று இருக்கிறது. நான் சரிவுப் பக்கம் காலை நனைக்கும்போது அது கோரைப் பக்கம் போய்விடும்.

கடற்கரையில் வலையோடு வந்து கிடக்கும் பாம்பு வேறு. வால் துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தால் அது கடல்பாம்பு, கடும் விஷம். செத்தது போல் கிடந்தாலும் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

எந்தப் பாம்பு என்று தெரியாமல் கடிபட்டால், கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேராக அரசு மருத்துவமனை. மந்திரிக்கப் போய் நேரம் கடத்தியதால் போன உயிர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேரப்பிள்ளைகளுக்காக, குட்டையைச் சுற்றி நாலடிக்குப் புல்லை வெட்டிச் சுத்தமாக வையுங்கள். விறகு, ஓடு எதையும் பக்கத்தில் அடுக்காதீர்கள். குட்டைக்கு இடுப்புயர வேலியும் போட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாம்பைவிடத் தண்ணீர்தான் ஆபத்து.

தேவிபட்டினம் வாசகர்: எங்கள் ஊருணியில் முன்பெல்லாம் மழை பெய்த ராத்திரி தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது. கொசுவுக்காகச் சின்னச் சின்ன மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நாலைந்து வருடமாகத் தவளைச் சத்தமே இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். உண்டு. அந்த மீனின் பெயர் கம்பூசியா. வட அமெரிக்காவில் இருந்து கிளம்பி, மலேரியாவை ஒழிக்கவென்று உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்டது. 1928-இல் இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவைத் தின்னும், உண்மைதான். கூடவே தவளை முட்டை, தலைப்பிரட்டை, தட்டானின் குஞ்சு, மற்ற மீன்களின் குஞ்சு, வாய்க்கு எட்டுகிற எல்லாவற்றையும் தின்னும். உலகின் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இதுவும் ஒன்று.

அப்படிப்பட்ட மீனை ஒரு ஊருணியில் நானே என் கையால் விட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. பிளாஸ்டிக் கேனில் கொடுத்தனுப்பினார்கள், படித்துறையில் உட்கார்ந்து மெல்லச் சாய்த்து ஊற்றினேன். ராமேசுவரம் தீவில் மலேரியா ஆட்டிப்படைத்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். குளிரில் நடுங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய்களுக்கு முன்னால் தவளையைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் கொசுவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலேரியாக் கொசுவும் டெங்குக் கொசுவும் நம் ஊர்களில் அதிகம் பெருகுவது வீட்டுத் தொட்டியிலும் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும். அதற்கு மூடியும் வலையும் போட வேண்டும். தவளையும் தட்டானும் இருக்கிற திறந்த ஊருணிக்கு அந்த மீன் தேவையில்லை. தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து கொசுப்புழுவை வேட்டையாடுகிறது. நம் ஊர்த் தண்ணீரிலேயே, நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்தது போல் மினுங்கும் ஒரு விரல் நீள மீன் இருக்கிறதே, மேல்மட்டத்திலேயே திரியும், அது போதும் புழுவுக்கு.

நான் விட்ட மீன் என்ன ஆனது என்று சொல்கிறேன். வருடம் வருடமாகப் பெருகியது. தவளைச் சத்தம் குறைந்து, ஒரு கட்டத்தில் அந்தத் தெருவில் ராத்திரி அமைதியாகிவிட்டது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, அடுத்த கோடையில் ஊருணி அடிமண் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஊரே அல்லாடிய நேரம். கம்பூசியா குட்டி போடும் மீன். முட்டையைச் சேற்றில் விட்டுவைக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. காய்ந்ததும் அடியோடு அழிந்தது. அதற்குப் பிறகு மழை பெய்த ஒரு ராத்திரி, நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறேன், ஊருணிப் பக்கம் இருந்து சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், ஆண் தவளைகள் எலுமிச்சம்பழ மஞ்சளில் மிதக்கின்றன. கழுத்தின் இரண்டு பக்கமும் நீலப் பை ஊதி ஊதி இறங்குகிறது. சேலை நனைய நனைய அங்கேயே நின்றேன்.

அதனால் உங்கள் ஊருணி அடுத்த முறை ஆனி, ஆடியில் வற்றும்போது ஊராட்சியில் பேசுங்கள். தூர்வாரி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி மீன் விட வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். தேங்கிய ஒரு குழிகூட இல்லாமல் காய வேண்டும், அதில் பத்து மீன் பிழைத்தாலும் போச்சு. தவளை தேடி வரும். மண்ணுக்குள்ளும் வேலியோரத்திலும் அது காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஏர்வாடி வாசகர்: பெரிய பறவைகளைப் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

மார்கழி முதல் மாசி வரை, கண்மாயில் தண்ணீர் நிற்கும் வருடத்தில். ராமநாதபுரத்தை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. அப்புறம் தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் கூடு கட்டுவது தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரத்தில். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததாக 2022-இல் அறிவிப்பு வந்தது. 2025-இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. பூநாரைக்குத் தனுஷ்கோடி. அங்கேயும் 2025-இல் சரணாலயம் அறிவித்துவிட்டார்கள். சாலையில் நின்றே பாருங்கள். படம் எடுக்கச் சேற்றில் இறங்கி நெருங்கினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். ஒவ்வொரு முறை எழும்புவதும் அதற்குச் சாப்பாட்டு இழப்பு.

மண்டபம் வாசகி: பைனாகுலர் இல்லாமல் பறவை பார்க்க முடியுமா?

தோட்டத்தில் தாராளமாக முடியும். நான் ஆறு வருடம் வெறும் கண்ணால்தான் பார்த்தேன். வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு காட்டுவது போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கம் தெரியும். அதைவிட முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், எத்தனை, என்ன செய்தது. பெயர் தெரியாவிட்டால் 'புருவம் வெள்ளை, வால் ஆட்டும்' என்று எழுதுங்கள், பெயர் பிறகு வரும். பொங்கல் சமயத்தில் 2015-இல் இருந்து தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்று எண்ணினாலே சேர்த்துக்கொள்வார்கள்.

மண்டபம், ஆறாம் வகுப்பு மாணவி: ஐப்பசியில் எங்கள் பள்ளி மைதானத்தில் தட்டான் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது. பிறகு காணோம். எங்கே போகிறது?

கண்ணு, இந்த மாதக் கேள்விகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது உன்னுடையதுதான். நீ பார்ப்பது மஞ்சளும் ஆரஞ்சுமாக, உட்காரவே உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்தத் தட்டானாக இருக்க வேண்டும். 'தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை' என்று உன் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். மழைத்தண்ணீர் தேங்கும் இடத்தைத் தேடித்தான் அது ஊர் ஊராகப் போகிறது. சும்மா இரண்டு மாதம் நிற்கிற தண்ணீர் இருந்தால் போதும், அதன் குஞ்சு வளர்ந்து இறக்கை முளைத்து வந்துவிடும்.

மாலத்தீவில் சார்ல்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு கடல் உயிரியலாளர். அந்தத் தீவுகளில் மேலே தேங்கும் நல்ல தண்ணீர் கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு அக்டோபரிலும் லட்சக்கணக்கில் தட்டான் வருகிறதே என்று யோசித்தார். வருடக்கணக்காகத் தேதி குறித்து வைத்தார். இந்தியாவில் இருந்து கிளம்பி, உயரத்தில் வீசும் வாடைக்காற்றில் ஏறி, மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று 2009-இல் எழுதினார். போகிற தட்டானே திரும்பி வராது. அங்கே மழைத்தண்ணீரில் பிறக்கும் அதன் பிள்ளை, பேரப்பிள்ளைகள் அடுத்த வருடம் நம் பக்கம் வரும் என்பது அவர் கணக்கு. உன் விரல் நீளம்கூட இல்லாத பூச்சி!

அதனால் உன் வகுப்புப் பையன்கள் தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டால், இதைச் சொல்லு. கடலைத் தாண்டப் போகிற இறக்கை அது, நூலின் கனத்தோடு பாம்பன் பாலம்கூடத் தாண்டாது.

இந்த வருடம் மைதானத்தில் முதல் கூட்டம் எந்தத் தேதி வந்தது, காற்று எந்தப் பக்கம் இருந்து அடித்தது, எந்தத் தேதியோடு காணாமல் போனது என்று குறித்து வை. நானும் இங்கே குட்டைக் கரையில் குறித்து வைக்கிறேன். மார்கழியில் இரண்டு நோட்டையும் சேர்த்துப் பார்ப்போம்.